என்-அசிட்டைல் சிஸ்டீன் யாருக்குத் தேவை?

நெஞ்சில் சளி கட்டிக்கொண்டால் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகளில், தண்ணீரில் போட்டுக் கரைத்துக் குடிக்கிற பெரிய வட்ட மாத்திரை ஒன்று உண்டு. போட்டதும் சுர்ரென்று நுரைக்கும். மேலே ஆரஞ்சு மணம், அதற்கடியில் லேசாக அழுகிய முட்டை நாற்றம். அதில் இருப்பது 600 மி.கி. அசிட்டைல் சிஸ்டீன். அதே பொருள் இணையக் கடைகளில் ‘என்ஏசி’ என்ற பெயரில் கேப்ஸ்யூலாகக் கிடைக்கிறது. கல்லீரலைச் சுத்தம் செய்யும், சருமத்துக்குப் பொலிவு தரும், முதுமையைத் தள்ளிப்போடும், குடித்த மறுநாள் தலைவலியைப் போக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விற்கிறார்கள். பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவரின் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றி உயிரைக் காப்பாற்றுவதும் இதே பொருள்தான்.

மூலக்கூறு ஒன்று. ஆனால் ஒவ்வொரு பயனுக்கும் இருக்கும் ஆதாரம் வேறு வேறு. ஓரிடத்தில் கேள்விக்கே இடமில்லாத விஷமுறிவு மருந்து, இன்னோரிடத்தில் காசுக்குக் கேடு, சில இடங்களில் நிஜமாகவே தீங்கு. ஏன் இப்படி என்பதற்கான விடை, அது உடலில் செய்யும் வேலையிலேயே இருக்கிறது.

சிஸ்டீன் கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம். முட்டை, மீன், இறைச்சி, பால், பருப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. போதாக்குறைக்கு, மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து உடலே அதைத் தயாரித்துக்கொள்ளும். தனிச் சிஸ்டீனை மருந்தாகக் கொடுப்பதில் ஒரு சிக்கல்: காற்றுபட்டால் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சிஸ்டினாக மாறிவிடும், அது தண்ணீரில் எளிதில் கரையாது. நைட்ரஜன் முனையில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டவைத்தால் நிலைத்து நிற்கும். அப்படி ஒட்டவைத்ததுதான் என்ஏசி. உணவிலிருந்து நமக்குக் கிடைப்பது சிஸ்டீன். என்ஏசி தொழிற்சாலையில் தயாராகும் மருந்து.

முதலில் இது சளி மருந்தாகத்தான் வந்தது. அமெரிக்காவில் 1963-இல் அனுமதி கிடைத்தது. சளியின் பிசுபிசுப்புக்குக் காரணம் மியூசின் என்ற நீண்ட புரதச் சங்கிலிகள். அவை ஒன்றோடொன்று கந்தகப் பாலங்களால் பின்னிக்கிடக்கும். என்ஏசியின் கந்தக முனை அந்தப் பாலங்களை அறுக்கும். நெபுலைசர் வழியாக நேரடியாகச் சளி மேல் படும்போது இந்த வேலை கண்கூடாக நடக்கும். வாய்வழி விழுங்கும்போது அவ்வளவு நேரடியாக நடப்பதில்லை. விழுங்கியதில் பெரும்பகுதி குடல் சுவரிலும் கல்லீரலிலுமே பிடிபட்டுச் சிஸ்டீனாகிவிடும், மாறாத என்ஏசியாக ரத்தத்துக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கல்லீரலில் அப்படிப் பிடிபடுவதுதான் அடுத்த வேலைக்கு வசதி. நம் செல்களின் முதன்மையான காவல் பொருள் குளுட்டாதயோன். குளுட்டாமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்தது அது. மற்ற இரண்டும் தாராளமாக இருக்கும், சிஸ்டீன்தான் தட்டுப்பாடு. அதனால் குளுட்டாதயோன் எவ்வளவு வேகமாக உருவாகும் என்பதைச் சிஸ்டீனின் வரவு தீர்மானிக்கிறது. என்ஏசி அந்த வரவைக் கூட்டுகிறது. விளம்பரங்கள் சொல்வதுபோல அது நேரே போய் ‘ஃப்ரீ ராடிகல்களை’ விழுங்குவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றோடு அது மெதுவாகத்தான் வினைபுரியும். அதன் பலம் குளுட்டாதயோனுக்கு மூலப்பொருள் தருவதில் இருக்கிறது.

மூலப்பொருள் தருவதற்கும் ஓர் எல்லை உண்டு. குளுட்டாதயோனைக் கட்டும் நொதியைக் குளுட்டாதயோனே அடக்கும். செல்லுக்குள் போதிய அளவு சேர்ந்ததும் உற்பத்தி தானாகக் குறைந்துவிடும். குடம் காலியாக இருந்தால் ஊற்றிய தண்ணீர் நிரம்பும், நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழிந்துதான் போகும். கீழே வரும் ஆய்வு முடிவுகளை இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், முரண்போலத் தெரிபவை பலவும் புரிந்துவிடும்.

குடம் காலியாகும் இரவு

பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தொந்தரவில்லாமல் வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் நாப்கி என்ற நச்சாக மாறும். வழக்கமான அளவில் சாப்பிட்டால் குளுட்டாதயோன் அதை உடனே பிடித்து அடக்கிவிடும். அளவு மீறும்போது குளுட்டாதயோன் கையிருப்பு கரைகிறது. ஏறக்குறைய எழுபது சதவீதம் தீர்ந்ததும், பிடிபடாத நாப்கி கல்லீரல் செல்களின் புரதங்களிலேயே ஒட்டி அவற்றைக் கொல்லத் தொடங்கும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லாரி ப்ரெஸ்காட் குழுவினர் இந்த நிலையில் என்ஏசியை நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1979-இல் அவர்கள் வெளியிட்ட 100 பேரின் கணக்குதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம். 8 மணி நேரத்துக்குள் மருந்து ஏறிய 40 பேருக்குக் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது. 10 மணி நேரத்துக்குள் ஏறிய 62 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடுமையான பாதிப்பு. என்ஏசி கிடைக்காத 57 பேரில் 33 பேருக்குக் கடும் பாதிப்பு வந்திருந்தது. நேரம் போகப் போகப் பலன் சரிந்தது. ஆனாலும் தாமதமாக வந்தவர்களைக் கைவிடுவதில்லை. கல்லீரல் செயலிழந்த பின் வந்த 50 பேரிடம் லண்டனில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், என்ஏசி பெற்ற 25 பேரில் 12 பேரும் பெறாத 25 பேரில் 5 பேரும் பிழைத்தார்கள்.

மூன்று பாட்டில் முறையில் கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணி நேரத்தில், அடுத்து 50 மி.கி. 4 மணி நேரத்தில், அதன்பின் 100 மி.கி. 16 மணி நேரத்தில் ஏறும். மொத்தம் 21 மணி நேரம், கிலோவுக்கு 300 மி.கி. மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்பூலில் மி.லிட்டருக்கு 200 மி.கி. இருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் பாட்டிலில் 9 கிராம், அதாவது 45 மி.லி. மருந்தை 200 மி.லி. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலப்பார்கள். இரண்டாவதில் 3 கிராம், 15 மி.லி., 500 மி.லி. திரவத்தில். மூன்றாவதில் 6 கிராம், 30 மி.லி., ஒரு லிட்டரில். 5 மி.லி. ஆம்பூல் என்றால் முதல் பாட்டிலுக்கே ஒன்பதை உடைக்க வேண்டும், அறை முழுக்கக் கந்தக நாற்றம் அடிக்கும்.

தவறு நேர்வதும் இங்கேதான். மூன்று பாட்டில், மூன்று அளவு, மூன்று வேகம், நள்ளிரவில் மி.கிராமை மி.லிட்டராக மாற்றும்போது கணக்குப் பிசகி மருந்து பல மடங்கு ஏறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்து: பெரியவர்களுக்கான 1,700 மி.லி. திரவத்தை அப்படியே ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். அதனால் அவர்களுக்குக் கலக்கும் திரவத்தையும் எடைக்கேற்பக் குறைத்தாக வேண்டும்.

முதல் ஒரு மணி நேரத்தில் சிலருக்கு முகம் சிவந்து, அரிப்பெடுத்து, மூச்சிழுப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கூடுதல். பார்க்க அலர்ஜி போலவே இருந்தாலும் அலர்ஜியின் நோய் எதிர்ப்பு வழியில் வருவது அல்ல. மருந்து வேகமாக ஏறும்போது ஹிஸ்டமின் வெளியாவதால் வருவது. ஏற்றுவதை நிறுத்தி, அலர்ஜி மருந்து கொடுத்து, தணிந்ததும் வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்கலாம். இந்தக் காரணத்துக்காக விஷமுறிவை அடியோடு கைவிடுவதுதான் பெரிய தவறு. முதல் அளவை மெதுவாக்கினாலே தொல்லை குறையும் என்பதை 2014-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதே 300 மி.கிராமை 2 மணி நேரம், 10 மணி நேரம் என்று இரண்டே பாட்டிலில் 12 மணி நேரத்தில் ஏற்றியபோது, கடுமையான எதிர்வினை 31 பேரிலிருந்து 5 பேராகக் குறைந்தது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. பாராசிட்டமால் அளவு மீறிய முதல் நாளில் ஆள் நன்றாகவே தெரிவார். லேசான குமட்டல், கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான். கல்லீரல் சேதம் வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று காத்திருக்கும் அந்த நேரம்தான் 8 மணி நேர வாய்ப்பைத் தின்றுவிடுகிறது. வீட்டில் என்ஏசி மாத்திரை இருக்கிறது, கரைத்துக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. உடனே அழைத்துப் போய்ச் சேர்ப்பதுதான் முதலுதவி. வேண்டுமென்றே விழுங்கியிருந்தால், உடல் தேறிய பிறகும் அவரோடு பேச, கவனிக்க ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டு வார்டுகளில் என்ஏசி அடிக்கடி ஏறும் இன்னொரு சந்தர்ப்பம், எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த இந்தப் பசையும் முதல் இரண்டு நாள் ஆளை நன்றாக வைத்திருந்து, பிறகு கல்லீரலை அழிக்கும். இதற்கென்று விஷமுறிவு கிடையாது. என்ஏசியைத் துணைக்குக் கொடுக்கிறார்கள், வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும் செய்கிறார்கள். பாராசிட்டமாலில் இருக்கும் உறுதியை இதில் எதிர்பார்க்க முடியாது.

பாராசிட்டமால் அல்லாத காரணங்களால் வரும் திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் நிலைமை இடைப்பட்டது. 173 பெரியவர்களிடம் நடந்து 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூளை மயக்கம் ஆரம்ப நிலையில் இருந்தவர்களில் மாற்றுக் கல்லீரல் இல்லாமலே பிழைத்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாகக் கூடினார்கள். மயக்கம் முற்றியவர்களுக்குப் பலனில்லை. அதே சிகிச்சையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வு தலைகீழாக முடிந்தது: மாற்றுக் கல்லீரல் இல்லாமல் ஓராண்டு கடந்தவர்கள் என்ஏசி பெற்றவர்களில் 35 சதவீதம், பெறாதவர்களில் 53 சதவீதம். ‘அமினோ அமிலம்தானே, கொடுத்து வைப்போம்’ என்ற நினைப்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

நுரையீரல், சிறுநீரகம்

நாள்பட்ட சுவாசப்பாதை அடைப்பு நோய்க்கு, அதாவது சிஓபிடிக்கு, என்ஏசி பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில், மூச்சுக்குழலை விரிக்கும் அசிப்ரோஃபிலினோடு சேர்த்த மாத்திரையை நிறையவே எழுதுகிறார்கள். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பாவில் 523 பேரிடம் தினம் 600 மி.கி. வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் தேய்வது குறையவில்லை. சீனாவில் 1,006 பேரிடம் 600 மி.கி. இரண்டு வேளை ஓராண்டு கொடுத்ததில், நோய் திடீரென முற்றுவது ஆளுக்கு ஆண்டுக்கு 1.49 தடவையிலிருந்து 1.16 ஆகக் குறைந்தது. அதே அளவை லேசான, நடுத்தர நோயுள்ள 968 பேரிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்து 2024-இல் வெளியான சீன ஆய்வில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. அடிக்கடி சளி முற்றி அவதிப்படுபவருக்கு, இன்ஹேலரோடு கூடுதலாக, இரண்டு வேளை கொடுத்துப் பார்க்க நியாயம் உண்டு. இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதை மட்டும் குடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. புகையை விடாமல் இதைக் குடிப்பதும் அப்படித்தான்.

நுரையீரல் தழும்பாகி இறுகும் ஐபிஎஃப் நோயில் நடந்தது எச்சரிக்கை. 2005-இல் ஒரு ஐரோப்பிய ஆய்வு, நோய் எதிர்ப்பை அடக்கும் ப்ரெட்னிசோலோன், அசத்தியோப்ரின் இரண்டோடு என்ஏசி 1,800 மி.கி. சேர்த்தால் நுரையீரல் தேய்வு மெதுவாகிறது என்றது. இந்த மும்மருந்துக் கூட்டு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக் குழு இல்லை. அமெரிக்காவில் அப்படி ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டபோது, கூட்டு மருந்து பெற்றவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவர். பாதியிலேயே அந்தச் சிகிச்சையை நிறுத்தி, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். என்ஏசியை மட்டும் கொடுத்த மீதி ஆய்வு 2014-இல் வந்தது: கேடு இல்லை, பலனும் இல்லை.

சிறுநீரகக் கதையும் இதே தடத்தில்தான் போனது. சி.டி. ஸ்கேனுக்குச் சாய மருந்து ஏற்றினால் பலவீனமான சிறுநீரகம் கெடலாம் என்று, முன்தினமும் அன்றும் 600 மி.கி. இரண்டு வேளை கொடுக்கும் வழக்கம் 2000-இல் 83 பேரிடம் நடந்த ஒரு ஜெர்மன் ஆய்விலிருந்து வந்தது. மலிவு, எளிது, கேடில்லை என்று உலகமே பிடித்துக்கொண்டது. பிரேசிலில் 2,308 பேரிடமும், பிறகு 2018-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய ஐயாயிரம் பேரிடமும் சோதித்தபோது ஒரு பலனும் தெரியவில்லை. இன்றும் சில மருத்துவமனைகளில் பழக்கதோஷத்தில் எழுதித் தருகிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பது போதிய நீர்ச்சத்தும், தேவையில்லாத வலி மாத்திரைகளை நிறுத்துவதும்தான். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு என்று இந்தியச் சந்தையில் இருக்கும் டாரின் 500 மி.கி., அசிட்டைல் சிஸ்டீன் 150 மி.கி. சேர்ந்த மாத்திரைக்கும், டயாலிசிஸைத் தள்ளிப்போடும் என்று சொல்லத்தக்க பெரிய ஆய்வு கிடையாது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பணம் போதாமல் திண்டாடும் ஒருவர் இதற்கு மாதாமாதம் செலவழிப்பதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

மனம், சினைப்பை, முதுமை

மனநலத் துறையில் கிடைத்த முடிவுகள் ஆர்வத்தைத் தூண்டுபவை. இங்கே வேலை செய்வது வேறொரு வழி. மூளையில் சிஸ்டினை உள்ளே இழுத்துக் குளுட்டாமேட்டை வெளியே விடும் ஒரு மாற்றுவாயில் இருக்கிறது. என்ஏசி அதைத் தூண்டி, குளுட்டாமேட் சமநிலையை மாற்றுகிறது என்பது கருத்து. தன் முடியைத் தானே பிடுங்கும் பழக்கம் உள்ள 50 பெரியவர்களிடம் 2009-இல் ஓர் ஆய்வு நடந்தது. தினம் 1,200 முதல் 2,400 மி.கி. வரை, 12 வாரம். நன்றாகக் குறைந்தவர்கள் 56 சதவீதம், வெற்று மாத்திரையில் 16 சதவீதம். தோலைக் கிள்ளிப் புண்ணாக்கும் பழக்கத்திலும் 66 பேர் ஆய்வில் 47 சதவீதத்துக்கு 19 சதவீதம் என்று நல்ல வித்தியாசம். ஆனால் குழந்தைகளிடம் முடி பிடுங்கும் பழக்கத்துக்குக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. கஞ்சாப் பழக்கத்தை விடுவதில் 116 இளைஞர்களிடம் கைகொடுத்தது, 302 பெரியவர்களிடம் கைகொடுக்கவில்லை. மனநல மருத்துவர் பார்த்து, மற்ற சிகிச்சையோடு மூன்று மாதம் முயன்று பார்க்கத் தகுந்த மருந்து. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைக்குப் பதிலாக வைக்கத் தகுந்தது அல்ல.

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மயோ-இனோசிட்டாலோடு என்ஏசி சேர்த்த பொடியும் மாத்திரையும் மகப்பேறு மருத்துவர்கள் பலர் தருகிறார்கள். சிறு சிறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரையைவிடக் கருமுட்டை வெளியாவது கூடுகிறது, ஆனால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை அது மிஞ்சவில்லை. கருத்தரிக்க முயல்பவர் மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். எடையும் தூக்கமும் நடையும் கவனிக்கப்படாமல் பொடி மட்டும் வேலை செய்யாது. கர்ப்பம் உறுதியானதும் தொடரலாமா என்று கேட்டே தீர வேண்டும். பாராசிட்டமால் விஷத்துக்குக் கர்ப்பிணிக்கும் தயங்காமல் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஒரு நாள் உயிர்காக்கக் கொடுப்பதும் ஒன்பது மாதம் துணைப் பொருளாகக் குடிப்பதும் ஒன்றல்ல.

முதுமைக்கு என்று இப்போது அதிகம் பேசப்படுவது கிளைசினும் என்ஏசியும் சேர்ந்த ‘கிளைநாக்’. ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால் சேகர் குழு 24 முதியவர்களிடம் 16 வாரம் நடத்திய ஆய்வில் நடை வேகம் முதல் செல்களின் ஆற்றல் உற்பத்தி வரை பலவும் மேம்பட்டன என்று 2022-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு வெளியான, 114 ஆரோக்கியமான முதியவர்களிடம் இரண்டு வாரம் நடந்த இன்னோர் ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது குளுட்டாதயோன் கூடவே இல்லை. தொடக்கத்தில் கையிருப்பு குறைவாக, தேவை அதிகமாக இருந்தவர்களிடம் மட்டும் கூடியதற்கான அறிகுறி தெரிந்தது. காலிக் குடமும் நிறைகுடமும் இங்கே மறுபடி வருகின்றன. 24 பேரின் முடிவை வைத்து ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் அளவுக்கு விஷயம் இன்னும் பழுக்கவில்லை.

புற்றுநோய் பற்றிய கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 2014-இல், நுரையீரல் கட்டி உள்ள எலிகளுக்கு என்ஏசியும் வைட்டமின் ஈயும் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்ததைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு, தோலில் வரும் மெலனோமா நெறிக்கட்டிகளுக்குப் பரவுவதும் எலிகளில் கூடியது. புற்றுச் செல்லும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தில் தவிக்கும் செல்தான், குளுட்டாதயோன் அதற்கும் கேடயம். மனிதர்களில், புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்த 2,592 பேரிடம் என்ஏசியை இரண்டு ஆண்டுகள் சோதித்த ஐரோப்பிய ஆய்வில் கேடு தெரியவில்லை, ஆயுள் நன்மையும் தெரியவில்லை. புற்றுநோய் உள்ளவர், சிகிச்சையில் இருப்பவர், பல்லாண்டு புகைத்தவர் ஆகியோர் இதைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

குடிக்கிற முறை, கவனிக்க வேண்டியவை

நுரைக்கும் மாத்திரையை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு, நுரை அடங்கி முழுக்கக் கரைந்ததும் உடனே குடித்துவிட வேண்டும். கரைத்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் கழித்துக் குடிக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் குமட்டல் குறையும். சளிக்காகக் குடிப்பவர் கடைசி வேளையை மாலைக்குள் முடித்துக்கொள்வது நல்லது, இளகிய சளி படுத்த பிறகு தொந்தரவு செய்யும். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்வார்கள்.

நாற்றத்துக்குப் பயப்பட வேண்டாம், கந்தகத்தின் இயல்பு அது. மாத்திரை மஞ்சளித்திருந்தால், பொடி கட்டிதட்டியிருந்தால், தண்ணீரில் போட்டும் நுரைக்காமல் கிடந்தால் ஈரம் பட்டுவிட்டது என்று பொருள், தூக்கிப் போடுங்கள். தனித்தனிப் படலத்தில் அடைத்து வருவதே ஈரத்துக்கு அஞ்சித்தான். பாதி பிரித்து வைக்கக் கூடாது. நெபுலைசரில் போடும் கரைசல் இரும்பு, செம்பு, ரப்பரோடு வினைபுரியும், கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் வைக்கலாம்.

நுரைக்கும் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 140 மி.கி. சோடியம் இருக்கிறது. தினம் இரண்டு மூன்று குடிக்கும் இதய நோயாளியும் ரத்த அழுத்தக்காரரும் அதை உப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவர்களுக்கு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைவலி பிளக்கும். இது அனுபவப்பூர்வமாகத் தெரிந்த, கடுமையான மோதல். கார்பமாசெபின் சாப்பிடும் வலிப்பு நோயாளிகளும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும், அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் குறையலாம். வயிற்றுப் புண் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அப்படியே. ஆஸ்துமா உள்ளவர் நெபுலைசரில் இதை எடுத்தால் மூச்சுக்குழல் இறுகலாம், அதனால் முன்கூட்டியே மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சளி மருந்தாகக் கொடுக்கவே கூடாது. சளி இளகிப் பெருகும், இருமி வெளியேற்ற அந்தக் குழந்தைக்கு வலு இருக்காது. பிரான்ஸ் 2010-இலேயே இதைத் தடுத்தது. இருமும் வலுவில்லாத படுத்த படுக்கை முதியவருக்கும் இதே ஆபத்து உண்டு, பக்கத்தில் சளி உறிஞ்சும் கருவி இல்லாமல் தரக் கூடாது.

வாய்வழி தினம் 600 முதல் 1,200 மி.கி. வரை பெரும்பாலான பெரியவர்கள் தாங்குகிறார்கள். அதற்கு மேல் போகப் போகக் குமட்டல், வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் கூடும். கடையில் துணைப் பொருளாக வாங்கும் கேப்ஸ்யூலில் லேபிளில் எழுதிய அளவுதான் இருக்கிறது என்பதற்கு மருந்துக்குரிய கண்காணிப்பு இருப்பதில்லை. அமெரிக்காவில் இதன் சட்டநிலையே குழப்பமானது. 1963-இல் மருந்தாக வந்ததைத் துணை உணவு என்று விற்க முடியாது என்று 2020-இல், ‘குடிபோதை மறுநாள் நிவாரணி’ என விற்ற சில நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. 2022-இல், தவறான நோய் தீர்ப்பு வாக்குறுதி இல்லாதவரை நடவடிக்கை எடுப்பதில்லை என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தளர்த்தியது. விற்பனைக்கு வழி கிடைத்ததே தவிர, பலன் உண்டு என்று யாரும் சான்றளிக்கவில்லை. இந்தியாவில் வாங்குவதென்றால் மருந்துக் கடையில், மருந்து உரிம எண் அச்சிட்ட அட்டையாக வாங்குவது மேல்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் என்ஏசி எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். நரம்பு வழியாக ஏறிய உடனே எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின், யூரிக் அமிலம், கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு ஆகியவை சில கருவிகளில் பொய்யாகக் குறைந்து காட்டும். ஆய்வகத்தின் நிற வினையில் என்ஏசி குறுக்கிடுவதால் வருவது இது. அதனால் மருத்துவமனையில் மருந்து ஏறத் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையும் பொய்யாக நிறம் மாறலாம். சர்க்கரை நோயாளி ஒருவர் என்ஏசி குடித்துவிட்டு வந்து அந்தப் பட்டை ஊதாவானால், கீட்டோன் நிஜமாகவே கூடியிருக்கிறதா என்பதை ரத்தத்தில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.